மன அழுத்தம் சரி, அழுத்துவது யார்?

2024 ஜூலையில் புனேயில், பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆகியிருந்த 26 வயதுப் பட்டயக் கணக்காளர் இறந்துபோனார். ஓய்வே இல்லாத வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் பேசப்பட்டது. அதே செப்டம்பரில் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்த மரணத்தைக் குறிப்பிட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பங்களும் கல்வி நிறுவனங்களும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், அந்த வலிமை தெய்வீகத்தின் வழியாகத்தான் வரும். எதிர்ப்புக் கிளம்பியதும், இறந்தவரைக் குறை சொல்வது தன் நோக்கமல்ல என்று விளக்கமும் தந்தார்.

விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. வேலை நேரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு நாட்டின் நிதியமைச்சர் தெய்வத்தைப் பற்றிப் பேசினார்.

பள்ளியில் தமிழாசிரியர் தன்வினை, பிறவினை நடத்தியது நினைவிருக்கும். ‘வருந்து’ தன்வினை, ‘வருத்து’ பிறவினை. ‘திருந்து’ தன்வினை, ‘திருத்து’ பிறவினை. அதே கணக்கில் ‘அழுந்து’ தன்வினை, ‘அழுத்து’ பிறவினை. அழுந்துகிறவர் தானாகவே அழுந்தலாம். அழுத்துவதற்கு இன்னொரு கை வேண்டும். ‘மன அழுத்தம்’ என்ற சொல் இந்த இரண்டாவது வகையிலிருந்து பிறந்தது. சொல்லுக்குள்ளேயே ஒரு கை இருக்கிறது. இன்று அந்தச் சொல்லைப் புழங்குகிற மேடைகளும் பயிலரங்குகளும் கைப்பேசிச் செயலிகளும் முதலில் அந்தக் கையை வெட்டி எறிந்துவிடுகின்றன. பிறகு அழுந்திக் கிடப்பவரிடம் குனிந்து அறிவுரை சொல்கின்றன: மூச்சை ஆழமாக இழுத்து விடு, தினமும் மூன்று நன்றிகளை எழுது, அதிகாலையில் எழுந்திரு.

நான் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளன். எங்கள் வளாகத்தில் ‘மன அழுத்த மேலாண்மையும் வேலை-வாழ்க்கைச் சமநிலையும்’ என்று அரைநாள் பயிலரங்கு வைத்தார்கள். வருகை கட்டாயம், கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதத்தோடு எங்களில் பலருக்கு உதவித்தொகை நின்று ஐந்து மாதம் முடிந்திருந்தது. பேச வந்தவர் நிறுவனங்களுக்குப் பயிற்சி அளிப்பவர். திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். மூன்று சம பங்கு: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் ‘உங்களுக்காக’. என்னோடு ஆய்வு செய்யும் தோழி ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், இதுல சமையல் எங்க வருது? பிள்ளையக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புறது எங்க வருது?” அவர் சிரித்துக்கொண்டே, “அதையும் உங்களுக்கான நேரமா நினைச்சு ரசிச்சுச் செய்யுங்க மேடம்” என்றார். அரங்கம் சிரித்தது. உதவித்தொகையைப் பற்றி இன்னொருவர் கேட்டதற்கு, “நம்ம கட்டுப்பாட்டுல இல்லாததப் பத்திக் கவலைப்படாம இருக்கிறதுதான் முதல் பாடம்” என்றார். அது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்ததோ அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வட்டம் அவருடையதுகூட அல்ல. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்காக என்பது தொழிலாளி வர்க்கத்தின் முழக்கம். 1886இல் சிகாகோவில் அதற்காக உயிர் போனது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதும் அந்தக் கோரிக்கையின் பேரில்தான். முதலாளியைப் பார்த்து எழுப்பிய முழக்கத்தைத் திருப்பித் தொழிலாளிக்கே அறிவுரையாகச் சொல்கிறார்கள். ‘எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே’ என்பது ‘எட்டு மணி நேரத்தில் முடிக்கத் தெரியாதது உன் குற்றம்’ என்று மாறிவிட்டது.

எல்லாருக்கும்தானே அழுத்தம் இருக்கிறது, இதிலுமா சாதியைக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டுவருவது நாம் இல்லை. இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 2008இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இயற்பியல் ஆய்வாளர் செந்தில்குமார், நெறியாளரே ஒதுக்கப்படாத நிலையில் உயிரிழந்தார். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா. 2017 மார்ச்சில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவராக இருந்த, மறுபடியும் சேலத்துப் பிள்ளை ஒருவர், முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி மருத்துவ மாணவி பாயல் தத்வி. மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு நடக்கிறது. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் தர்ஷன் சோலங்கி. முதலாமாண்டு, பதினெட்டு வயது.

இந்த மரணங்களுக்குப் பிறகு நிறுவனங்களும் விசாரணை ஆணையங்களும் எழுதிய அறிக்கைகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவற்றின் மொழி ஒரே மாதிரி இருக்கும். ரோஹித் விஷயத்தில் ஒன்றிய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம், தற்கொலைக்குக் காரணம் அவருடைய சொந்த விரக்தி என்றது. 2024இல் தெலங்கானா காவல்துறை வழக்கை முடித்துவைக்கத் தாக்கல் செய்த அறிக்கை, அவர் தலித்தே அல்ல என்றும் அவரை உறுத்திய பல கவலைகள் இருந்தன என்றும் சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகே மேல்விசாரணை என்றார்கள். தர்ஷன் சோலங்கி விஷயத்தில் ஐஐடியின் உள் விசாரணைக் குழு, சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான சான்று இல்லை, படிப்பில் பின்தங்கியது வலுவான காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. சொந்த விரக்தி. பல கவலைகள். படிப்பில் பின்னடைவு. எல்லாம் அழுந்தியவரின் பக்கத்துச் சொற்கள். அழுத்திய பக்கத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

ரோஹித்தைப் பற்றி எல்லாரும் அவருடைய கடிதத்தின் நட்சத்திரங்களைப் பேசுவார்கள். நான் அதில் உள்ள கணக்கைப் பேச விரும்புகிறேன். ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது. அதை வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படியும், கடன் தந்த நண்பருக்குத் திருப்பித் தரும்படியும் கேட்டிருந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு நான்கு தோழர்களோடு வளாகத்தில் வெட்டவெளியில் படுத்திருந்த ஓர் ஆய்வாளருக்கு ஏழு மாதப் பணம் நின்றிருந்தது. இதற்கு ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்தால், நிதிப் பிரிவில் இருந்த கோப்பு தப்பித்துவிடும். துணைவேந்தரின் கையெழுத்தும் தப்பித்துவிடும்.

உயிரோடு வெளியேறுபவர்களின் கணக்கு தனி. 2018 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600 பேருக்கு மேல் பாதியில் வெளியேறினார்கள் என்று ஒன்றிய அரசே 2023 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தது. பலர் வேறு இடத்துக்கு மாறிச் செல்கிறார்கள் என்பது அமைச்சரின் விளக்கம். இருக்கலாம். 13,600 பேரும் தியானம் கற்றுக்கொள்ளாததால் போனார்கள் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆய்வாளரின் வேலை என்ன என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருக்கும் அவர், இரவு ஷிப்ட் முடிந்து அழைக்கும்போது, “நீ ஃபேனுக்குக் கீழதான சாமி உக்காந்திருக்க” என்பார். நிஜத்தில் நாங்கள் செய்வது இது: கைடுக்கு வந்த விடைத்தாள்களைத் திருத்துவோம். அவர் பெயரில் போகும் கட்டுரைக்கு அட்டவணை போடுவோம். கருத்தரங்குக்கு வரும் விருந்தினரை ரயில் நிலையத்தில் போய் அழைத்து வருவோம். நாக் குழு வருகிறது என்றால் ஆய்வு மூன்று மாதம் அப்படியே நிற்கும். பத்தாண்டுக் கோப்புகளைத் தேடி எடுத்து அடுக்கி, முதுகில் ஸ்டிக்கர் ஒட்டுவோம். சில கைடுகளின் வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும் மகனின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதும் ஆய்வின் பகுதி. இவை எதற்கும் கூலி கிடையாது. ஆனால் காலம் எங்கள் கணக்கில் ஓடுகிறது. யுஜிசியின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. நாக் கோப்பு அடுக்கிய மூன்று மாதத்தை யாரும் அதிலிருந்து கழிப்பதில்லை.

இதை எல்லாச் சாதி ஆய்வாளர்களும் செய்கிறார்கள் என்பது உண்மை. மறுக்க முடிகிறவர் யார் என்பதில்தான் வேறுபாடு. சித்தப்பா சிண்டிகேட்டில் இருப்பவரிடம் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்ல எந்தக் கைடுக்கும் வாய் வராது. வீட்டில் இரண்டு தலைமுறைப் பேராசிரியர்கள் இருப்பவருக்கு ஒரு கைடை மாற்றிக்கொள்ள எத்தனை கடிதம், யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியும். முதல் தலைமுறையாக வந்தவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்தாலும், அதைத் தட்டிய மறுநாள் ‘இவன் கம்ப்ளெயின்ட் பார்ட்டி’ என்று வைவாவில் உட்காரப்போகிறவர் வரைக்கும் செய்தி போய்விடும். எனவே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் பயிலரங்கில் ‘நேர்மறை மனப்பான்மை’ என்கிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவருக்கு 2012இல் நிர்ணயித்த 8,000 ரூபாய். ஆண்டுகள் போயின, தொகை நகரவில்லை. அதையும் நிறுத்துகிறோம் என்று 2015 அக்டோபரில் யுஜிசி சொன்னபோது மாணவர்கள் தில்லியில் யுஜிசி அலுவலகத்தையே முற்றுகையிட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்குத் தருவது ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். நல்ல திட்டம், இல்லாத மாநிலங்கள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் ஓர் அறையும் மூன்று வேளைச் சோறும் அந்தப் பணத்துக்கு அடங்காது. அறை கிடைப்பதே தனிக்கதை. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ‘நீங்க அசைவமா தம்பி’ என்று கேட்டு முடிப்பதற்குள் வாடகை ஆயிரம் ஏறியிருக்கும், அல்லது வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்திருக்கும்.

இப்போது ‘வேலை-வாழ்க்கைச் சமநிலை’ என்ற தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வேலை, இன்னொரு தட்டில் வாழ்க்கை. வாழ்க்கைத் தட்டில் இருப்பதெல்லாம் இளைப்பாறுதல் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் தராசைச் செய்தவர்கள் செய்திருக்கிறார்கள்: குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு, வார இறுதிப் பயணம், ஒரு வீணை வகுப்பு. என் தோழர்களின் வாழ்க்கைத் தட்டில் இருப்பது தங்கையின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் சுகர் மாத்திரை, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, ஊரில் திருவிழாவையொட்டித் தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள் என்ற தொலைபேசி அழைப்பு. அந்தத் தட்டு முதல் தட்டை விடக் கனமானது. இரண்டுக்கும் இடையில் முள் எங்கே நிற்கும்?

அந்த வீணை வகுப்புக்குப் போகிறவரின் சமநிலை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் அவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஒரு பெண் வருகிறார். அவர் தெருக் குப்பையை இன்னொரு பெண் அள்ளுகிறார். அந்த இருவரும் நாலரை மணிக்கு எழுந்து தங்கள் வீட்டுப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு வீட்டின் சமநிலை இன்னொரு வீட்டின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. யார் வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் பிறப்பு முடிவு செய்கிறது. இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023இல் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 2025 ஜனவரியில் அதை 90 ஆக்கினார்; ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். ஊடகங்கள் ஒரு மாதம் விவாதித்தன. ஏற்கெனவே வாரம் 90 மணி நேரம் உழைத்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பணியாளரையோ துப்புரவுத் தொழிலாளரையோ கூப்பிட்டு ஒரு தொலைக்காட்சியும் ‘உங்கள் அனுபவம் எப்படி’ என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து நம் வீட்டுக்குள் வருவோம். தலித் மாணவர் விடுதிகளில், நம் தோழர்களின் வாட்ஸ்அப் நிலைகளில், ஒரு வாசகம் நிரந்தரமாக இருக்கிறது: பாபாசாகேப் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் படித்தார். மகாராட்டிராவில் அவருடைய பிறந்தநாளையொட்டி 18 மணி நேரத் தொடர் வாசிப்பு நிகழ்ச்சிகளே நடக்கின்றன. எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் ஒரு நாள் முழுக்கக் கூட்டமாக உட்கார்ந்து படிப்பதை நான் திருவிழா என்றே சொல்வேன், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த 18 மணி நேரம் திருவிழாவாக நிற்கவில்லை. அது ஒரு அளவுகோலாகிவிட்டது. ‘அவர்கள் எட்டு மணி நேரம் படித்தால் நீ பதினாறு மணி நேரம் படிக்க வேண்டும்’ என்று நம் அண்ணன்மார்கள் நமக்குச் சொல்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் சமத்துவம் கேட்க வந்த பிள்ளையிடம் இரட்டை உழைப்பை நுழைவுக் கட்டணமாகக் கேட்பது, சாதியின் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வதுதான்.

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கும் மசோதாவை அவர்தான் கொண்டுவந்தார். 1946இல் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது. அந்த மசோதாவும் அவருடைய துறையிலிருந்து வந்ததே. (14 மணி நேரத்தை 8 ஆக்கினார் என்று சுற்றிவரும் படத்தை நாம் பகிராமல் இருக்கலாம். உண்மையான எண்களே போதுமான அளவு பெருமைக்குரியவை.) சுரங்கத் தொழிலாளிப் பெண்களின் மகப்பேறு உதவிக்கான திருத்தமும் அந்தக் காலத்ததுதான். அதற்கும் முன்பு, 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர் அவர்.

தனக்கு 18 மணி நேரத்தை வைத்துக்கொண்டவர் தன் மக்களுக்கு 18 மணி நேரத்தைக் கேட்கவில்லை. ஓய்வைக் கேட்டார், அதைச் சட்டமாகக் கேட்டார். நீரிழிவும் கால் நரம்பு வலியும் தூக்கமின்மையும் வாட்டிய கடைசி ஆண்டுகளை அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் படித்தவர்கள், அந்த 18 மணி நேரம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை அறிவார்கள். அவர் வாழ்ந்தது 65 ஆண்டு. நம் விடுதிச் சுவரில் 18 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 48 என்ற எண்ணையும் எழுதிவைக்க யாருக்கும் தோன்றாதது ஏன்?

48ஐ இழப்பது எவ்வளவு சுலபம் என்பதை நாம் இங்கேயே பார்த்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. திராவிட ஆட்சியில்தான். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எழுந்த பிறகு மே நாளன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தொழிற்சாலைக்குச் சங்கம் இருந்தது, திரும்பப் பெற வைத்தார்கள். ஆய்வாளருக்கு என்ன இருக்கிறது? விடுப்பு கேட்டால் நாங்கள் மாணவர்கள். நாக் குழு வந்தால் நாங்கள் ஊழியர்கள். யுஜிசியின் ஜேஆர்எஃப் விதிகளில் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. 2022 விதிகளில் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இதை வாசிக்கும் ஆய்வாளர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு எண்களும் தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்குத் துண்டறிக்கை கேட்டு, காலை ஆறு மணிக்குத் தயாரா என்று கேட்கிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. உண்மை அறியும் குழு கிராமத்துக்குப் போனால் அறிக்கையைத் தட்டச்சு செய்வது பெரும்பாலும் பெண் தோழர். செய்தியாளரிடம் பேசுவது ஆண் தோழர். களைத்துப்போய் ஒதுங்குகிறவரை ‘செட்டில் ஆயிட்டார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தியாகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் செய்கிற சுரண்டலுக்கு வேறு பெயர் கிடையாது. ஓய்வெடுத்த தோழர் பத்தாண்டு உடன் வருவார்.

மருத்துவரிடம் போகாதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் உண்டு. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்து அறைத் தோழரையும் எழுப்புங்கள், தூக்கம் கெட்டால் பரவாயில்லை. ஆலைப்புகையால் நுரையீரல் கெட்ட தொழிலாளிக்கு மருந்தும் வேண்டும், புகைபோக்கிக்கு வடிகட்டியும் வேண்டும். மருந்தைக் கொடுத்துவிட்டு ஆலையைப் பற்றிப் பேசாதே என்று சொல்கிற ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறேன். வளாக ஆலோசகரிடம் போய்ச் சாதியைச் சொன்னால், ‘நீங்கள் கொஞ்சம் அதிகமாக உணர்ச்சிவசப்படுகிறீர்களோ’ என்று கேட்கிறார்கள் என்பதைப் பல தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதியை அறியாத மனநல ஆலோசனை, அந்த இடத்தில் இன்னொரு கை.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது என்ன என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. 2007இல் தில்லி எய்ம்ஸைப் பற்றிய தோரட் குழு அறிக்கை வகுப்பறை முதல் விடுதி வரை பாகுபாட்டைப் பதிவு செய்தது. 2012இல் யுஜிசி, ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. அவை பெயரளவில் கிடந்ததால்தான் ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் வந்த புதிய சமத்துவ விதிகளை, ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பையடுத்து அதே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மன அழுத்தப் பயிலரங்கை எதிர்த்து இதுவரை யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. எது அவர்களை உறுத்துகிறது, எது உறுத்தவில்லை என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

புதிய விதிகள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2012 விதிகள் உயிரோடுதான் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். உங்கள் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரின் பெயர் என்ன, எந்த நாளில் நியமிக்கப்பட்டார்? கடந்த மூன்றாண்டில் வந்த புகார்கள் எத்தனை, தீர்த்தவை எத்தனை? பட்டியலின, பழங்குடி ஆய்வாளர்களின் உதவித்தொகை எந்த மாதம் வரை வழங்கப்பட்டிருக்கிறது, நிலுவைக் கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது? ஆய்வாளர்களுக்கு எத்தனை நாள் விடுப்பு வழங்கப்பட்டது, கேட்டு மறுக்கப்பட்டது எத்தனை? மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்குக்குச் செலவானது எவ்வளவு, எந்த நிதித் தலைப்பிலிருந்து? தனியாக எழுத அச்சமாக இருந்தால் ஐந்து பேர் ஐந்து மனுவாக எழுதுங்கள். வெளியூர்த் தோழர் பெயரிலும் போடலாம், எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.